வேலையை விடுவதற்கு முன் பெட்ரூமைக் காலி செய்யுங்கள்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 31. பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு. தனியார் கம்பெனியில் சிஸ்டம் அட்மின் வேலை, கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. சின்ன வயதிலிருந்தே பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். இரண்டு வருடமாகத் தமிழில் யூடியூப் சேனல் நடத்துகிறேன். எஸ்.பி. ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ஆபீஸ் ஸ்கிராப்பிலும் கிடைக்கிற 386, 486 காலத்துப் பி.சி., பழைய மேக், படக்குழாய் வைத்த சி.ஆர்.டி. மானிட்டர் எல்லாம் எடுத்து வந்து ரிப்பேர் செய்து வீடியோ போடுகிறேன். 14,000 சப்ஸ்கிரைபர். போன மாதம் யூடியூப் கொடுத்தது 6,400 ரூபாய். வீட்டில் இப்போது 37 மெஷின், பாதி பெட்ரூமில். மனைவி நான்கு மாதக் கர்ப்பம். வெளிநாட்டில் இதையே தொழிலாக வைத்து நன்றாக இருக்கிறார்கள். நானும் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா? இங்கிலீஷுக்கு மாறினால் காசு வருமா? ஒருவர் எஸ்.சி.எல். யூனிகார்ன் என்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அல்சூர்

பதில்: தம்பி, இப்போது வேலையை விடாதீர்கள். சேனல் தேறாது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனி தருகிற குரூப் மெடிக்ளெய்முக்காகச் சொல்கிறேன். கம்பெனி பாலிசிகள் பலவற்றில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. நீங்களாக வெளியில் எடுக்கும் பாலிசியில் ஒன்பது மாதத்திலிருந்து சில வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவருக்கு அது பயன்படாது. வேலையை விட்டால் கம்பெனி பாலிசியும் அதோடு போய்விடும். சிசேரியன் என்றாலோ, குழந்தையைச் சில நாள் ஐ.சி.யூ.வில் வைக்க நேர்ந்தாலோ பெங்களூரு தனியார் ஆஸ்பத்திரி பில் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரமே ஹெச்.ஆரிடம் பாலிசிக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மகப்பேறுக்கு வரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று பாருங்கள். குழந்தை பெயர் பாலிசியில் ஏறும் வரை ராஜினாமா என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று. பெட்ரூமில் இருக்கிற அந்தப் பாதி மெஷின்கள் இந்த வாரக் கடைசிக்குள் வெளியே போக வேண்டும். போர்டில் பாகங்களை உருக்கி ஒட்டுகிற சால்டரில் ஈயத்தை ஐரோப்பா 2006இல் தடை செய்தது. அதற்கு முந்தைய போர்டுகளில் இருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர், ஏறக்குறைய 40 சதவீதம் ஈயம். சால்டர் செய்யும்போது வருகிற புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவுகிற பிசின்) புகைதான். ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாகவும் தூசி வழியாகவும். பழைய சால்டரை உறிஞ்சி எடுக்கும்போது தெறிக்கிற துணுக்கு, மேஜையைத் துடைத்த துணி, கழுவாத விரல், இப்படி. தாயின் ரத்தத்தில் கலந்த ஈயம் குழந்தைக்கும் போகும். 386, 486 போர்டுகளில் நீல நிறத்தில் பீப்பாய் போல் ஒட்டியிருக்குமே, அந்தப் பேட்டரி நிக்கல்-காட்மியம். அது கசிந்து போர்டைத் தின்பதை நீங்களே வீடியோவாகப் போட்டிருப்பீர்கள். காட்மியமும் கர்ப்பிணி தூங்குகிற அறையில் இருக்க வேண்டிய சாமான் இல்லை. அப்பா வீட்டு ஷெட்டோ, நண்பரின் மாடி அறையோ, மாதம் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிற சின்ன குடோனோ ஏதாவது பிடியுங்கள். வேலைக்குத் தனிச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவாமல் வீட்டுக்குள் போகாதீர்கள். கலர் சி.ஆர்.டி. படக்குழாயின் ஆனோடு முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும். இது உங்களுக்கே தெரியும். ஆனால் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மானிட்டரைத் திறக்கிறவருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

சரி, தொழிலுக்கு வருவோம். நான் காணொளி போடுகிறவர்களுக்குக் கணக்கும் ஒப்பந்தமும் பார்த்துக் கொடுக்கிறவன். வியூஸ் எப்படிக் கூடும் என்று கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். வந்த பணம் எப்படி நிற்கும் என்பதுதான் என் வேலை.

நீளமான வீடியோவில் ஓடும் விளம்பரத்துக்கு யூடியூப் உங்களுக்குத் தருவது 55 சதவீதம். ஷார்ட்ஸில் 45. அமெரிக்காவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலையை மதுரையில் பார்க்கிறவருக்குக் கொடுக்க மாட்டார். உங்கள் 6,400 ரூபாய் சம்பள அளவுக்கு வர வேண்டும் என்றால் இன்றைக்கு வருகிற கூட்டம் ஒன்பது மடங்கு ஆக வேண்டும். அப்போதும் பி.எஃப். இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அந்த 6,400இலும் நீங்கள் மெஷின் வாங்கின காசைக் கழிக்கவில்லை என்று நினைக்கிறேன். 37 மெஷினுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, என்ன விலை, உதிரிப் பாகத்துக்கு எவ்வளவு, அதை வைத்து எத்தனை வீடியோ, எவ்வளவு வந்தது என்று எழுதிப் பாருங்கள். நஷ்டம் என்றுதான் வரும், அதற்காக வருத்தப்பட வேண்டாம், ஆனால் எந்த மாதிரி மெஷின் நஷ்டம் என்பது அதில் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர்களைச் சொல்கிறீர்கள். அவர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'தி எய்ட் பிட் கய்' என்று அறியப்படுகிற டேவிட் மரே, டெக்சாஸ்காரர், முதலில் ஆப்பிள் ஐபுக் லேப்டாப்புகளைச் சரி செய்து விற்றுக்கொண்டிருந்தவர். இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடும்படி புதிய கேம் எழுதி விற்கிறார். இங்கிலாந்தில் ஆர்.எம்.சி. சேனல் நடத்துகிறவர் 'தி கேவ்' என்று ஒரு அருங்காட்சியகமே வைத்து டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விடுகிறார். 2025இல் 'ரெட்ரோ ரெசிப்பீஸ்' சேனலின் கிறிஸ்டியன் சிம்ப்சன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் பிராண்டான கமடோரையே வாங்கி, புதிய கமடோர் 64 விற்கப் போய்விட்டார். இவர்களில் யாரும் விளம்பரக் காசை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. சேனல் அவர்களுக்குக் கடை வாசல், வியாபாரம் உள்ளே நடக்கிறது.

அவர்களுக்கு இருந்த இன்னொரு வசதி நமக்கு இல்லை. கமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்ற மெஷின். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தத் தலைமுறைக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் என்றால் சொந்த வீட்டு ஞாபகம், அப்பா கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. 1985இல் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? நம் ஆட்களுக்கு அது வேலை செய்த இடத்து ஞாபகம். ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஞாபகம். பேங்க், ரயில்வே கவுன்டர், பள்ளிக்கூட லேப், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கத்தில் திறந்த கம்ப்யூட்டர் சென்டர், டி.டி.பி. கடை, பிரவுசிங் சென்டர். உங்கள் சேனலில் இது எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். 486ஐத் திறப்பது, கெப்பாசிட்டர் மாற்றுவது, டாஸ் பூட் ஆவது. இதை டெக்சாஸில் இருப்பவர் உங்களைவிட நல்ல கேமரா வைத்து முன்பே செய்துவிட்டார். தமிழில் செய்தாலும் அது அவர் வீடியோவின் தமிழ்ப் பிரதிதான்.

நீங்கள் இருக்கிற ஊரைப் பாருங்கள். 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதும் உள்ளூர்க்காரர்கள் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தார்கள். சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த விப்ரோ 1980களின் தொடக்கத்தில் இந்த ஊரில்தான் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கியது. 1981இல் தொடங்கின இன்ஃபோசிஸிடம் முதல் இரண்டு வருடம் சொந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்கள் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் செய்தார்கள், பொதுத்துறை நிறுவனமான பி.இ.எல். அதைத் தயாரித்து 2004இல் கடைக்கு வந்தது, ஓடவில்லை. இதிலெல்லாம் சால்டர் பிடித்தவர்கள், டெஸ்ட் பெஞ்சில் நின்றவர்கள், சர்வீஸுக்கு ஸ்கூட்டரில் போனவர்கள் பலர் ரிட்டையர் ஆகி இதே பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஐ.டி.ஐ. (டெலிபோன் கம்பெனி), ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். ஊழியர் குடும்பங்களைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். உங்கள் அல்சூரிலேயே ஒரு தெரு கிடைக்கும்.

பேங்க் கதையை எடுங்கள். 1980களின் நடுவில் கிளைகளுக்குப் பேரேட்டுக் கணக்கைப் பதிகிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது, வேலை போய்விடும் என்று யூனியன்கள் கொடி பிடித்தன. அன்றைக்குக் கோஷம் போட்டுவிட்டு மறுவாரம் அதே மெஷினில் உட்கார்ந்து பழகின கிளார்க்குக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பேங்கில் முதல் நாள் பேலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி வரை உட்கார்ந்த கதையை அவர் சொல்வார். எந்த 486ம் அதைச் சொல்லாது.

தமிழை எழுத வைத்த கதை இதைவிடப் பெரியது. கனடாவிலிருந்து சீனிவாசன் 1984இல் கொண்டுவந்த ஆதமி மென்பொருள், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கின முரசு மென்பொருள், கல்யாணசுந்தரம் 1993இல் இலவசமாக விட்ட மயிலை எழுத்துரு, கம்ப்யூட்டரில் இந்திய மொழிகளைக் காட்ட அரசு நிறுவனமான சி-டாக் செய்த ஜிஸ்ட் கார்டு, 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு முடிவான தமிழ் 99 விசைப்பலகை. ஒவ்வொன்றும் ஓடுகிற நிலையில், அந்தக் காலத்து மெஷினில், யாராவது ஒரு வாக்கியம் அடித்துக் காட்டி நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பழைய அச்சகத்துக்குப் போங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் பாமினி எழுத்துருவை வைத்து கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தவர் அங்கே இன்னும் கல்லாவில் இருப்பார். ஒரு மைக், ஒரு பி.எம்.டி.சி. பஸ் டிக்கெட், செலவு அவ்வளவுதான். இந்த மாதிரி பத்து வீடியோ போட்டால் உங்கள் சேனல் வேறு ஆளுடைய சேனலாகத் தெரியும். மெஷின் தேவைதான், ஆனால் பேசுகிறவருக்குப் பக்கத்தில் வைக்கத் தேவை. அதற்கு 37 வேண்டாம். ஓடுகிற எட்டுப் பத்தை வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். (386ஐ இப்போது 'விண்டேஜ்' என்கிறார்கள். நான் முதலில் சம்பளம் வாங்கினது அதில் டேட்டா என்ட்ரி அடித்துத்தான், விட்டுவிடுவோம்.)

சம்பாதிப்பதற்கு இரண்டு வழி எனக்குத் தெரிகிறது. இரண்டுமே விளம்பரம் இல்லை.

ஒன்று பீன்யா. அந்தத் தொழிற்பேட்டையில் 1990களில் வாங்கின, கம்ப்யூட்டர் இயக்குகிற சி.என்.சி. மெஷின், எம்ப்ராய்டரி மெஷின் எல்லாம் இன்னும் ஓடுகின்றன. இரும்பு நன்றாக இருக்கும், புரோகிராம் ஏற்றுகிற ஃப்ளாப்பி டிரைவ் செத்துப்போயிருக்கும். நல்ல ஃப்ளாப்பியும் கிடைக்காது. அங்கே பென் டிரைவை ஃப்ளாப்பி போலக் காட்டுகிற கோடெக் மாதிரி ஒரு யு.எஸ்.பி. எமுலேட்டரைப் பொருத்தி, மெஷினுக்கு ஏற்றபடி ஃபார்மட் செய்து, ஓட வைத்துக் கொடுத்தால் ஓனர் பேரம் பேசாமல் காசு தருவார். ஒரு நாள் மெஷின் நின்றால் அவருக்கு ஆகிற நஷ்டம் அப்படி. நீங்கள் வீட்டில் விளையாட்டாகச் செய்கிற அதே வேலைதான் இது. ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இதற்கு ஆள் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் எழுதி வாங்கிக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள். ஒரிஜினல் டிரைவைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, வேலை முடிந்ததும் ஓனர் கையில் கொடுத்துவிடுங்கள். பெரிய மெஷினின் உள் வயரிங்கை அதற்கான ஆள் இல்லாமல் தொட வேண்டாம்.

இரண்டாவது பழைய ஃப்ளாப்பியிலிருந்து எழுத்தை மீட்டுக் கொடுப்பது. கிரீஸ்வீசல் என்கிற சின்ன போர்டு ஒன்று போதும், ஐந்தேகால் அங்குலமும் மூன்றரை அங்குலமும் நிஜ டிரைவில் போட்டு, சாதாரண டிரைவ் படிக்க மறுக்கிறதையும் காந்தப் பதிவோடு அப்படியே எடுக்கலாம். படித்து எடுத்ததைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துக் கொடுத்தால் அச்சகம், சிறு பத்திரிகை நடத்தினவர், ஊர்ச் சங்கம், புத்தகம் எழுதி வைத்து இறந்துபோனவரின் பிள்ளைகள் என்று கேட்க ஆள் வருவார்கள். பூஞ்சை பிடித்த டிஸ்கைத் துடைக்காமல் டிரைவில் போட்டால் டிரைவ் தலையும் போய் அடுத்த டிஸ்கும் போகும், அதை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே இருப்பது அவர்கள் சொத்து, கேட்காமல் வீடியோவில் காட்டக் கூடாது.

இங்கிலீஷுக்கு மாற வேண்டாம். தமிழில் பேசி, நல்ல இங்கிலீஷ் சப்டைட்டிலை நீங்களே எழுதிப் போடுங்கள். தானாக வருவதை நம்பினால் 'ஜிஸ்ட் கார்டு' என்னவாகும் என்று பாருங்கள். ஒரே வீடியோவில் வேறு மொழிக் குரலைச் சேர்க்கும் வசதியையும் யூடியூப் இப்போது தருகிறது. இந்தியாவில் செய்த மெஷின் என்றால் இங்கிலாந்துக்காரர் சப்டைட்டில் படித்தாவது பார்ப்பார்.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வருமானம் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். 2022இல் விப்ரோ போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்று 300 பேரை அனுப்பியது. யூடியூப் அந்த ரகம் இல்லை என்றாலும் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. யூடியூப் பணம் வருகிற ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிட்டீர்களா? நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளரால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே 24 சதவீதம் வரை போகலாம். யூடியூப் பணம் தொழில் வருமானம், ஆகவே சம்பளக்காரர்கள் போடுகிற எளிய வருமான வரிப் படிவமான ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. பிராண்டுக்காரர்கள் ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் அதற்கு 10 சதவீத டி.டி.எஸ். உண்டு. அதை இலவசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காசோ பொருளோ வாங்கிப் பேசினால் வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வரவழைக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், பயன்படுத்தின கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு முன் அனுமதி வேண்டும், கஸ்டம்ஸில் மாட்டும்.

ஆபீஸ் ஸ்கிராப் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கம்பெனிகள் மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பாளர், உற்பத்தியாளர் இவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சிஸ்டம் அட்மினே அதை வீட்டுக்கு எடுத்துப் போவதும், அந்த ஹார்ட் டிஸ்கை வீடியோவில் பூட் செய்வதும், அசெட் ஸ்டிக்கர் கேமராவில் தெரிவதும் வேலையை நீங்கள் விடுவதற்கு முன் வேலை உங்களை விட்டுவிடும் வழி. எழுத்தில் அனுமதியும் கேட் பாஸும் இல்லாத மெஷின் எதுவும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றை வைத்துப் போட்ட பழைய வீடியோக்களையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

முழுநேரமாக எப்போது இறங்கலாம்? பீன்யா வேலை, ஃப்ளாப்பி வேலை, பார்வையாளர் நேரடியாகத் தருகிற சந்தா, இவை மூன்றும் சேர்ந்து தொடர்ந்து ஒரு வருடம் உங்கள் வீட்டுச் செலவைத் தாங்கினால், அதற்கு மேல் எட்டு மாதச் செலவு பேங்கில் தனியாக இருந்தால், மனைவியும் சரி என்றால். விளம்பரக் காசை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது வந்தால் ஃப்ளாப்பி டிரைவ் வாங்க வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த யூனிகார்ன். இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்தான் அது, மொகாலி செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் (எஸ்.சி.எல்.) இங்கே செய்து விற்றது. 1984-85இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் பள்ளிக்கூடங்களுக்குப் பி.பி.சி. மைக்ரோக்களைக் கொடுத்தது. உங்கள் சேனலுக்கு அச்சாகப் பொருந்துகிற மெஷின், ஆசை நியாயம்தான். ஆனால் 40,000 கொடுத்து வாங்காதீர்கள். விற்கிறவரிடம் போய், அது எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தெரிந்தால் அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த ஆசிரியரைத் தேடுங்கள். விற்கிறவரிடம், மெஷினை ஒரு மாதம் இரவலாகக் கொடுத்தால் சரி செய்து, வீடியோவில் உங்கள் பெயரும் சொல்லித் திருப்பித் தருகிறேன் என்று பேசுங்கள். ரிப்பேர் ஆன மெஷினுக்கு விலை கூடும் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கொடுத்தால் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். அந்தப் பவர் சப்ளையில் இருக்கிற பழைய காகித ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஈரம் குடித்துப்போய், கரன்ட் கொடுத்த சில நிமிடத்தில் வெடித்து அறை முழுக்கப் புகை விடும். முதலில் அதை மாற்றுங்கள்.